கடலோர நிலத்தடி நீர் உவர்ப்பாதல்: உடல்நலப் பாதிப்புகளும் தடுப்பு முறைகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய கடலோர ஊர்களிலும், வல்லத்திராக்கோட்டை போன்ற உள்நாட்டு ஊர்களிலும் பல குடும்பங்கள் இன்றும் கிணறு, அடிகுழாய், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் நீரைப் பயன்படுத்துகின்றன. நீரைக் கொதிக்க வைத்தால் அது முழுமையாகப் பாதுகாப்பானதாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும். ஆனால் உப்பு நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் எஞ்சிய நீரில் உப்பின் செறிவு சற்று கூடவே செய்யும். குளோரின் கலப்பதாலும் உப்பு குறையாது.

நிலத்தடி நீர் ஏன் உவர்ப்பாகிறது?

கடற்கரையின் அடியில், கனமான கடல்நீரின் மேல் இலேசான நன்னீர் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியல் கணக்கு. ஆகவே நீர்மட்டம் 1 மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் கடல்நீர் பல மடங்கு மேலே ஏறும். கடலோரத்தில் கிணறு உவர்த்துவிட்டது என்று மேலும் ஆழமாகத் துளையிடுவது பல நேரங்களில் உப்பு நீரையே எட்டச் செய்யும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நீர் எடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. கரையோர இறால் பண்ணைகளின் உப்பு நீர்க் கசிவும் மற்றொரு காரணம். இப்பண்ணைகளைக் கட்டுப்படுத்த உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

உள்நாட்டுக் கிணறுகளில் கடல்நீர் புகுவதில்லை. எனினும் பாறையிலிருந்து கரையும் உப்புகள், உரம், கழிவுநீர் ஆகியவற்றால் அங்கும் நீரின் தரம் குறையலாம்.

உடல்நலப் பாதிப்புகள்

உயர் இரத்த அழுத்தம்: வயது வந்தவர் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. உங்கள் கிணற்று நீரில் லிட்டருக்கு 400 மி.கி. சோடியம் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 3 லிட்டர் அருந்தினால் 1,200 மி.கி. சோடியம், அதாவது ஏறத்தாழ 3 கிராம் உப்பு, நீர் வழியாகவே உடலில் சேர்கிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றை விலக்கி, மாத்திரையும் தவறாமல் உட்கொள்ளும் ஒருவருக்கு இரத்த அழுத்தம் குறையாதிருக்க இதுவும் ஒரு காரணமாகலாம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இது மேலும் தீங்கானது.

கர்ப்பிணிகள்: வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள், உவர்நீர் அருந்தும் கர்ப்பிணிகளிடம் உயர் இரத்த அழுத்தமும் முன்சூல்வலிப்பும் கூடுதலாக இருப்பதைக் காட்டியுள்ளன.

சிறுநீரகக் கல்: உப்புத் தண்ணீரே கல்லுக்குக் காரணம் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால் போதிய நீர் அருந்தாமையே முதன்மையான காரணங்களுள் ஒன்று. சுவை பிடிக்காமல் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நீருக்கு மாறுங்கள்.

குழந்தைகள்: நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கலந்து கொடுத்தால் 6 மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது சிறந்த பாதுகாப்பு. புளூரைடு மிகுதியானால் பற்களில் கறையும், நாளடைவில் எலும்பு பாதிப்பும் ஏற்படும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகள் (லிட்டருக்கு மி.கி.)

• கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்கள்: 500, வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை
• குளோரைடு: 250, வேறு நீர் இல்லாதபோது 1,000 வரை
• புளூரைடு: 1.0, வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை
• நைட்ரேட்: 45, இதற்குத் தளர்வு இல்லை

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், நீரைப் பரிசோதியுங்கள். ஊராட்சியின் களப் பரிசோதனைப் பெட்டி மூலமோ, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ இதைச் செய்யலாம்.
2. உவர்நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் நீரையோ, முறையாகச் சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.
3. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலான சுத்திகரிப்பு இயந்திரம் உப்பை நீக்கும். சவ்வையும் வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்றுங்கள். சாதாரண வடிகட்டி உப்பை நீக்காது.
4. வீட்டின் மழைநீர் சேகரிப்பு அமைப்பை ஐப்பசிக்கு முன் தூர்வாருங்கள். உள்நாட்டு ஊருணிகளிலும் கண்மாய்களிலும் தேங்கி நிலத்தில் இறங்கும் மழைநீர், கடல்நீரைத் தடுத்து நிறுத்தும் நன்னீருக்கும் துணை செய்கிறது.

கிணற்றில் கடல்நீர் புகுந்தால்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் பல கிணறுகள் உவர்த்தன. திரும்பத் திரும்ப இறைப்பது கீழுள்ள உப்பு நீரை மேலே இழுக்கக்கூடும் என்பதும், உப்பைப் பெரிதும் குறைத்தது அடுத்தடுத்த மழையே என்பதும் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதி அனுபவம். எனவே சேற்றையும் குப்பையையும் அகற்றி, மிதமாக இறைத்து, குளோரின் இடுங்கள். பரிசோதனை முடிவு வரும் வரை அந்நீரைக் குடிக்க வேண்டாம்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், முகம் அல்லது கை வீக்கம், வலிப்பு ஆகியவை இருந்தாலோ, குழந்தையின் உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108 ஐ அழையுங்கள். மருந்து உட்கொண்டும் இரத்த அழுத்தம் குறையாவிட்டால், மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடமோ, நீங்கள் எந்த நீரைக் குடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.