சிவப்பு தேடி வந்த பூச்சி

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள், கடை முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "அந்த அரக்குச் சேலையை எடுங்கள்" என்பார்கள். அரக்கு என்பது நிறத்தின் பெயராவதற்கு முன்னால் ஒரு பூச்சியின் சொத்து. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் அரக்குப் பூச்சியிடமிருந்து எடுத்த சாயம் நம் நாட்டில் வெகுகாலம் பட்டுக்குச் சிவப்பேற்றியது. இன்று சாயப் பட்டறையில் கொதிப்பது ரசாயனச் சாயம். பூச்சி விடைபெற்றுவிட்டது; பெயர் மட்டும் புடவையில் தங்கிவிட்டது.

இதே சிவப்பின் மேல் கொண்ட ஆசையால் வேறொரு பூச்சி கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. வந்த காரியத்தை அது சரியாகச் செய்யவில்லை. யாரும் சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தது: சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. வேண்டாத செடியை விஷமில்லாமல் ஒழிப்பது எப்படி என்று இன்று உலகமெங்கும் பேசுகிறார்களே, அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயங்களில் ஒன்று நம் மண்ணில்தான் எழுதப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உயர்ந்த சிவப்பு என்றால் மெக்சிகோவின் கோச்சினீல்தான். கள்ளிமேல் வாழும் சின்னஞ்சிறு பூச்சியை உலர்த்திச் செய்யும் சாயம் அது. ஸ்பெயின்காரர்கள் அந்த வியாபாரத்தை விட்டுக் கொடுக்காமல் காத்து வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாக்கில் நீர் ஊறியது. சென்னையில் கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வந்தால் தீனிக்கு வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். வேலியில் தானாக முளைக்கிற கள்ளிக்குச் சர்க்கார் செலவில் தோட்டம் என்றால் ஊரார் சிரித்திருக்க மாட்டார்களா?

1795-ல் காப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வந்தது அசல் கோச்சினீல் அல்ல. அதன் ஏழைப் பங்காளி. உடம்பு முழுவதும் பஞ்சு போன்ற வெள்ளை மெழுகு, சாயமோ சொற்பம். வியாபாரம் படுத்துவிட்டது. கள்ளியும் கூடவே படுத்தது! பூச்சி ஏறிய இடத்தில் மடல்கள் மஞ்சளித்து, சாறு வற்றிச் சரிந்தன.

இதைக் கவனித்தவர்கள் 1836-க்கும் 1838-க்கும் இடையில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் கள்ளி மண்டிய இடங்களுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1865-க்குச் சற்று முன்னர் இலங்கைக்கும் அது போயிற்று. ஒரு களையை ஒழிப்பதற்கென்றே பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பியது அதுவே முதல் தடவை என்கிறார்கள்.

ஆனாலும் வேலியோரங்களில் கள்ளி மிஞ்சியே நின்றது. காரணம் வேடிக்கையானது. நாம் ஒரே பெயரிட்டு அழைக்கும் சப்பாத்திக்கள்ளியில் வெவ்வேறு ஜாதிகள் உண்டு. மெல்லிய மடல் கொண்ட ஒரு ஜாதியைத்தான் நீல்சன் கொண்டுவந்த பூச்சி தொட்டது. பருத்த மடலும் மஞ்சள் முள்ளும் கொண்ட மற்றொன்றின்மேல் கொண்டுபோய் வைத்தால் பட்டினி கிடந்து செத்தது. மனிதர்களுக்குத் தெரியாத வித்தியாசம் பூச்சியின் வாய்க்குத் தெரிந்திருந்தது.

அந்த இரண்டாவது கள்ளிக்கு உரிய பூச்சி 1926-ல்தான் இலங்கையிலிருந்து வந்தது. அதன் பூர்வீகமும் அமெரிக்காதான். பெண்பூச்சிக்குச் சிறகு கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். குஞ்சுகளைக் காற்று கொண்டுபோகும். காற்று போகாத இடத்துக்கு, பூச்சி பிடித்த மடலை மனிதர்கள் வெட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில், தலைமுறைகளாக அரிவாளுக்கும் நெருப்புக்கும் அசையாத புதர்கள் கரைந்துபோயின. இன்றும் எங்கேனும் கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள். விரலில் ரத்தச் சிவப்பு ஏறும்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் கோடிக்கணக்கான ஏக்கரைக் கள்ளி விழுங்கியிருந்தது. பாஷாணத்தைக் கரைத்துத் தெளித்தும் பயனில்லை. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தருவித்தார்கள். சில ஆண்டுகளில் நிலம் மீண்டது. பூனார்கா என்ற ஊரார் அந்தப் பூச்சியின் பெயராலேயே ஒரு மண்டபம் கட்டினார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கதை மங்களமாக முடிந்துவிடும். ஆனால் மடகாஸ்கர் தீவின் தென்பகுதியையும் சொல்ல வேண்டும். அங்கே கள்ளி வேண்டாத செடி அல்ல. வறண்ட பூமியில் மாட்டுக்கு அதுதான் தீவனம். கோடையில் அதன் சாறுதான் தண்ணீர். 1920-களில் அங்கும் கோச்சினீல் வகைப் பூச்சியை விட்டார்கள். கள்ளி செத்தது, பின்னால் மாடுகள் செத்தன, பஞ்சம் வந்து மனிதர்களும் செத்தார்கள். "வேண்டாத செடி" என்று எழுதியவர்கள், யாருக்கு வேண்டாதது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

நம் காலத்து வேண்டாத விருந்தாளி பார்த்தீனியம். அதைத் தின்ன மெக்சிகோ வண்டு ஒன்றை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். எந்தெந்தச் செடியை அது தொடாது என்று முன்கூட்டிப் பரிசோதித்த பிறகே விட்டார்கள். கள்ளி கற்றுக்கொடுத்த நிதானம் இது. வண்டு மழைக்காலத்தில் இலைகளைச் சல்லடையாக்குகிறது. ஆனால் செடியை ஒரேயடியாக ஒழித்துவிடவில்லை. மிச்ச வேலை நம்முடையது.

அந்த வேலை பெரிய வித்தை அல்ல. கொல்லையில் முளைத்த செடியின் பெயரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தீனியம்தான் என்றால், மழை பெய்து மண் இளகிய மறுநாள், பூ விடுவதற்கு முன்பாக, கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்கிவிடலாம். பூத்த பிறகு என்றால், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதைகளைக் கொட்டிவிட்டிருக்கும். மருந்துக் கடைக்கு ஓடி விஷம் வாங்கித் தெளித்தால், பக்கத்தில் இருக்கும் கீரையும் சாகும். அடுத்த மழைக்கு அந்த விதைகளும் முளைக்கும்.