என்ஜின் டிரைவரின் வேலை நேரம்

கடலூர் முதுநகரில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் தெருவில் ஓர் என்ஜின் டிரைவர் குடியிருந்தார். நள்ளிரவில் ஒருவர் கைவிளக்கோடு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவருக்குக் ‘கால் பாய்’ என்று பெயர். பெயரில்தான் பையன், வந்தவருக்கோ தலை முழுவதும் நரைத்திருந்தது. டிரைவரிடம் நோட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். வேலைக்கு வரவேண்டிய நேரம் அந்த நோட்டில் இருக்கும். வீடு திரும்பும் நேரம் எந்த நோட்டிலும் இராது.

மாணவ நேயர்களே, இதற்குக் காரணம் பாதையிலேயே இருந்தது. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மாயூரம் செல்லும் பாதை அந்நாளில் மீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால், மற்றொன்று ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்றல் வேண்டும். விரைவு வண்டிக்கு வழிவிட்டு, ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ சரக்கு வண்டி காத்துக் கிடக்கும். வண்டி நின்றாலும் வேலை நிற்பதில்லை. நீராவி குறையாதபடி அடுப்பைப் பேணவேண்டும். கைகாட்டியின் மேல் கண் இருக்கவேண்டும்.

என்ஜினை ஓட்டத் தெரிந்தவர் எல்லாரும் எந்தப் பாதையிலும் ஓட்டிவிட முடியாது. புதிய பாதையைப் பயில்வதற்கென, அதனை அறிந்த டிரைவருடன் பகலிலும் இரவிலும் பயணம் செய்யவேண்டும். பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடப் பாலம், கைகாட்டிகள் நிற்கும் இடங்கள், வேகம் குறைக்கவேண்டிய வளைவுகள் ஆகிய யாவும் இருளிலும் மனத்தில் தெளிவாக நிற்கவேண்டும். பாதையை அறிந்துகொண்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே வண்டி அவர் கையில் வரும். அறியாத பகுதியாயின், அறிந்த ஒருவரைத் துணைக்குப் பெறவேண்டும் என்பது இன்றும் உள்ள விதி. ஆயினும், உறக்கத்தால் கண் மங்கியவனுக்கு இத்தனை பயிற்சியும் எம்மட்டில் உதவும்?

1919-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, இந்தியத் தொழிலாளருக்கு வாரம் 60 மணி நேரம் என வரையறுத்தது. ரயில்வேயைப் பொறுத்தவரை, அரசு குறிப்பிடும் பிரிவுகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றும் வைத்தது. அச்சொற்களின் வழியே டிரைவர் வெளியே நின்றார். 1930-இல் ரயில்வேச் சட்டம் திருத்தப்பட்டு, மறு ஆண்டு வேலைநேர விதிகள் வந்தபோது, ஓடும் வண்டிகளில் பணிபுரிவோர் அவற்றிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்கள் வேலை ஒரு சீராக அமைவதில்லை என்பதே காரணம்! ஒரு சீராக அமையாமைதான் அவர்களுடைய துன்பமாகவும் இருந்தது. 1946-இல் நடுவராக அமர்ந்த நீதிபதி ராஜாத்யக்ஷா, அவர்களையும் விதிகளுக்குள் கொணர்ந்து, வாரத்துக்குச் சராசரி 54 மணி என்று தீர்த்தார்.

எனினும் சராசரி என்பது தந்திரமான சொல். ஒரு நாள் பதினைந்து மணி நேரம் உழைத்தவனுக்கு, மற்றொரு நாள் குறைந்ததென்று கணக்கை நேர்செய்துவிடலாம். அந்தப் பதினைந்தாம் மணியில் அவன் கண் நேராகுமா? ஆகவேதான் 1973 ஆகஸ்டில் என்ஜின் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு நடைக்குப் பத்து மணி நேரம் என்ற எல்லையைக் கேட்டனர். ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா அதற்கு இசைந்தார். உறுதிமொழி நடைமுறைக்கு வருவதில் நேர்ந்த தாமதம், 1974 மே 8 முதல் 27 வரை நாடெங்கும் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குரிய மனக்குறைகளுள் ஒன்றாயிற்று.

எங்கள் தெரு டிரைவர் நெடுநேரம் கழித்துத் திரும்பும் நாள்களில், பிள்ளைகளாகிய நாங்கள் அவர் வீட்டுத் திண்ணைப் பக்கம் விளையாடக் கூடாது என்பது அவர் மனைவியின் கட்டளை. அன்று அது எங்களுக்குக் கோபமூட்டியது.