முன் சக்கரங்களுக்கு ஓய்வு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய ஜீப்பில் ஏரிக்கரை வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். மழையில் கரை சேறாகியிருந்தது. டிரைவர் ஒரு சிறு கம்பியை அசைத்தார். நான்கு சக்கரங்களும் மண்ணைக் கவ்வ, வண்டி மேலேறிற்று. தார்ச்சாலை வந்ததும் அதை விடுவித்துவிட்டார்.

"இனிமே எதுக்கு ஸார்? பெட்ரோலைத் தின்னுடும்!" என்றார்.

ஜீப், உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்தது. பின்னர் மகீந்திரா நிறுவனத்தார் அதை நம் நாட்டிலேயே பூட்டத் தொடங்கினார்கள். சேற்றுக்குப் பிறந்த வண்டி சாலைக்கு வந்தபோதுதான் வம்பு. கம்பியை விடுவித்தாலும், உருளும் முன் சக்கரங்கள் அச்சையும் பற்சக்கரங்களையும் சும்மா சுழற்றிக்கொண்டேயிருக்கும். அந்த வீண் சுழற்சிக்கும் பெட்ரோல்தான் கூலி! 1948-ல் ஆர்தர் வார்ன் என்ற அமெரிக்கர், சக்கரக் குடத்திலேயே அந்தத் தொடர்பை அறுக்கும் பூட்டுகளைச் செய்து விற்றார். 1955-ல் வில்லிஸ் நிறுவனமே பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஜீப்பைக் கொண்டுவந்தது. முன் அச்சை இயக்கும் உறுப்புகளின் பாரமும் மிச்சம்.

எனக்குக் கல்வெட்டு நினைவு வந்தது. கி.பி. 921-ல், பராந்தக சோழன் நாளில், ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையால் தேர்ந்தார்கள். 360 நாள் பணி. பிறகு விலகிவிட வேண்டும். வேலை முடிந்த பின்னும் சுழல்கிற சக்கரத்துக்கு ஊர்தானே கூலி கொடுக்க வேண்டும்? அந்தக் கணக்கு, ஏரி வெட்டிய ஊருக்கு அன்றே தெரிந்திருந்தது.