கிள்ளான் பள்ளத்தாக்கில் ராக் க்ளைம்பிங்: எங்கே வீடு பார்த்தால் வசதி?

வேலை மாறுகிறீர்களா? முதல் வாடகை வீடு தேடுகிறீர்களா? வழக்கமாக நாம் கேட்கும் கேள்விகள் மூன்று. வாடகை எவ்வளவு? ஆபீஸ் எவ்வளவு தூரம்? பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கா?

ராக் க்ளைம்பிங்கில் தீவிர ஆர்வம் உள்ளவர் என்றால் நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. வேலை முடிந்து சுவருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இந்தக் கேள்விக்கான பதில், நீங்கள் தேர்வு செய்யும் வட்டாரத்தைப் பொறுத்து ரொம்பவே மாறும்.

சுருக்கமாகச் சொன்னால்

• இயற்கைப் பாறை வேண்டுமா? வடக்கு கோலாலம்பூர்: செந்தூல், பத்துமலை, செலாயாங், கோம்பாக்.
• கார் இல்லையா? பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது செந்தூல்.
• வார நாளில் ஜிம்தான் முக்கியமா? பெட்டாலிங் ஜெயா.
• வாடகையை மிச்சப்படுத்தணுமா? கிள்ளான். ஆனால், அதற்கான விலையை நேரமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில், ஏன் கோலாலம்பூர்?

தலைநகரில் வேலை, நகர எல்லையை ஒட்டியே பாறை. இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் குறைவு.

பத்துமலை, நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புக்கல் குன்று அது. மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குழிகளும் விளிம்புகளும்தான் இன்று க்ளைம்பர்களின் கைப்பிடிகள்.

மற்ற நகரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரில் ஜிம்கள் ஏராளம். ஆனால், இயற்கைப் பாறையில் ஏறுவதற்கு என்று இருக்கும் இடம், பழைய கல் குவாரியான டெய்ரி ஃபார்ம் மட்டும்தான். அதனால், நல்ல பாறை தேடும் சிங்கப்பூர் க்ளைம்பர்கள் எல்லை தாண்டித்தான் போகணும்.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைய. கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசிய ஜியோபார்க்காக அறிவிக்கப்பட்டது. உங்கள் வேலை அங்கேயே கிடைத்தால் அருமை. இல்லாவிட்டாலும், கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் இரண்டரை மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான்.

இந்தியாவுக்கு வேலைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் பெங்களூரைக் கவனியுங்கள். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ராமநகரம். ‘ஷோலே’ படத்தில் வரும் அதே கருங்கல் குன்றுகள். சுண்ணாம்புக்கல்லில் பழகிய கைக்கு, கருங்கல் சரிவு வேறு மாதிரியான பாடம்.

பத்துமலையில் எங்கே ஏறுவது?

“பத்துமலை ஏறப் போறேன்” என்று வீட்டில் சொன்னால், அம்மா அர்ச்சனைத் தட்டுக்குக் காசு கொடுத்துவிடுவார். 272 படிகளும் 42.7 மீட்டர் முருகன் சிலையும் இருப்பது கோயில் பக்கம். க்ளைம்பிங் ரூட்டுகள் பெரும்பாலும் குன்றின் மறுபக்கங்களில் இருக்கின்றன.

டமாய், ஞாமுக், நன்யாங் ஆகிய சுவர்கள் க்ளைம்பர்களுக்கு நன்கு பழக்கமானவை. குன்றைச் சுற்றி மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட ரூட்டுகள் உண்டு. பெரும்பாலானவை ஸ்போர்ட் ரூட்டுகள். அதாவது, பாறையில் ஏற்கெனவே போல்ட் அடிக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஏறும்போது ரோப்பை அதில் மாட்டிக்கொண்டே போகலாம். முதல் முறை பாறையைத் தொடுபவருக்கும் ரூட் உண்டு. பல ஆண்டு அனுபவம் உள்ளவரைத் திணறடிக்கும் ரூட்டும் உண்டு.

இன்னும் வடக்கே, ரவாங் போகும் வழியில், டெம்ப்ளர் பார்க் அருகே புக்கிட் தாக்குன் இருக்கிறது. பல கட்டங்களாக உயர ஏறும் நீண்ட ரூட்டுகளுக்குப் பெயர் பெற்ற இடம். புதியவர்களுக்கானது அல்ல. அனுமதி விவரங்களை முன்கூட்டியே விசாரித்துவிட்டு, அனுபவசாலிகளோடு மட்டும் போங்கள்.

வார நாளுக்கு ஜிம்

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளணும். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், திங்கள் முதல் வெள்ளி வரை பாறைக்குப் போக முடியாது. ஏழு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அதனால், வாரத்தில் உங்கள் பயிற்சியின் பெரும்பகுதி ஜிம்மில்தான் நடக்கும்.

பெட்டாலிங் ஜெயா, ஒன் உத்தாமா பேரங்காடியில் உள்ள கேம்ப்5 இங்கே பலருக்கும் முதல் சுவர். ரோப்போடு ஏறும் உயரமான சுவர்கள் அங்கு உண்டு. போல்டரிங் மட்டும் நடத்தும் ஜிம்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகியுள்ளன. போல்டரிங் என்றால், ரோப் இல்லாமல் குறைந்த உயரத்தில் ஏறி, கீழே உள்ள தடித்த மெத்தையில் இறங்குவது. துணைக்கு ஆள் தேவையில்லை. தனியாக வாழ வந்தவர்கள் நண்பர்களைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்த விளையாட்டுக்கு மவுசு கூடியதற்கு ஒலிம்பிக்கும் ஒரு காரணம். 2021இல் நடந்த தோக்கியோ 2020 போட்டியில் ஸ்போர்ட் க்ளைம்பிங் அறிமுகமானது. பாரிஸ் 2024இல் ஆண்கள் வேகப் பிரிவில், 15 மீட்டர் சுவரை 4.75 வினாடியில் ஏறித் தங்கம் வென்றவர் நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ.

சரி, எந்த வட்டாரம்?

பிரிக்ஃபீல்ட்ஸ்: கார் இல்லாதவர்களுக்குக் கைகொடுக்கும் இடம். காரணம், கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து பத்துமலைக்குக் கோமுட்டர் ரயில் நேராகப் போகிறது. சுமார் அரை மணி நேரம். கேஎல் சென்ட்ரலோடு நடைபாதையில் இணைந்திருக்கும் மியூசியம் நெகாராவில் எம்ஆர்டி ஏறினால், மாறாமல் பண்டார் உத்தாமா. இறங்கினால் ஒன் உத்தாமா. பாறையும் ஜிம்மும் ஒரே ரயிலில் கிடைக்கும் வட்டாரம் இது. குறை என்ன? வாடகை. காரும் இருந்தால் பார்க்கிங் தலைவலி வேறு.

செந்தூல்: பலர் யோசிக்காத, ஆனால் யோசிக்க வேண்டிய இடம். பழைய ரயில்வே பட்டறையால் வளர்ந்த ஊர். தமிழ்க் குடும்பங்களும் கடைகளும் கோயில்களும் நிறைந்தது. பத்துமலை கோமுட்டர் தடத்திலேயே செந்தூல் ஸ்டேஷன் இருக்கிறது. அதே தடத்தில் உள்ள கம்போங் பத்துவில் எம்ஆர்டி புத்ராஜெயா தடத்துக்கு மாறலாம். பிரிக்ஃபீல்ட்ஸைவிடப் பாறைக்குப் பக்கம்.

பத்துமலை, செலாயாங், கோம்பாக்: காலையில் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் இரண்டு ரூட் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடலாம். அரசாங்கத்தின் செலாயாங் மருத்துவமனையும் பக்கம்தான். பாறையில் ஏறுபவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு. ஆனால், எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை நெரிசல் தினசரி வாழ்க்கையின் பகுதியாகிவிடும். தைப்பூசத்தின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரளும் இடம் இது. அந்த நாட்களில் காரை எடுப்பதையே மறந்துவிடுங்கள்.

பெட்டாலிங் ஜெயா: வாரத்தில் மூன்று நாள் ஜிம், மாதத்தில் இரண்டு முறை பாறை என்பவர்களுக்குப் பொருந்தும். எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு அமைந்தால், கார் இல்லாமலும் சமாளிக்கலாம்.

கிள்ளான்: கடலோரச் சமவெளி. ஏறுவதற்குச் சுண்ணாம்புக் குன்று கிடையாது. பத்துமலைக்கு ரயிலில் போக கேஎல் சென்ட்ரல் வரை வந்து தடம் மாறணும். ஆனால், பலருக்கு அப்பா அம்மா வீடு அங்கேதான். வாடகை இல்லை, வீட்டுச் சாப்பாடு. அந்தப் பணத்தில் ஷூ, ஹார்னஸ், ரோப் எல்லாம் வாங்கிவிடலாம்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு பயிற்சிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரப் பயணம் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று பயிற்சி, ஆண்டுக்கு 50 வாரம். மொத்தம் 150 மணி நேரம். ஆறு நாளுக்கும் மேல் ரயிலிலும் சாலையிலும் போய்விடும். பலர் க்ளைம்பிங்கை விடுவது ஆர்வம் குறைந்ததால் அல்ல, இந்த 150 மணி நேரத்தால்தான்.

கிள்ளான்வாசிகளுக்கு ஒரு நல்ல செய்தி, எல்ஆர்டி3 ஷா ஆலம் தடம். கிள்ளான் வழியாக ஜோஹான் செத்தியா வரை நீளும் அந்தத் தடத்தின் மறுமுனை பண்டார் உத்தாமா. அதாவது, ஜிம்மின் வாசல். வீடு முடிவு செய்யும் முன், அதன் சேவை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணச் செலவில் ஒரு குறிப்பு: 50 ரிங்கிட் விலையுள்ள மை50 மாதப் பாஸ், எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில் போன்ற ரேபிட் கேஎல் சேவைகளுக்கானது. கோமுட்டரை நடத்துவது கேடிஎம். எனவே, பத்துமலைக்கான ரயில் செலவைத் தனியாகக் கணக்கில் சேருங்கள்.

மழை, வெயில், புகைமூட்டம்

நம் ஊரில் க்ளைம்பிங் என்றால் காலைதான். மதியத்துக்குப் பிறகு இடியுடன் மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். பருவமழை மாறும் ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது அதிகம். மழை நின்ற பிறகும் சுண்ணாம்புக்கல்லில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். சுவர் காய்ந்தது போலத் தெரியும், ஆனால் கை வைக்கும் குழிக்குள் தண்ணீர் நிற்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில், சுமார் ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் ஏறுவதைத் தள்ளிப்போடுங்கள்.

அதனால்தான் பாறைக்குப் பக்கத்தில் வாழ்வதற்கு மதிப்பு. வானம் பார்த்து, அரை மணி நேரத்தில் முடிவெடுக்கலாம். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்தவர், மழை தூறினாலும் “வந்தது வந்தாச்சு” என்று ஏறப் பார்ப்பார். விபத்துக்கு வழி வைப்பது அந்த மனநிலைதான்.

இந்தப் பாறை இன்னும் எத்தனை நாள்?

வீடு மாறலாம். குன்று மாறாது. ஆனால், அது காணாமல் போகலாம், அல்லது மூடப்படலாம்.

பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கியவர் கே. தம்புசாமிப் பிள்ளை. 1892இலிருந்து அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. ஒரு காலத்தில் இதே குன்றின் பகுதிகளில் கல் உடைக்கும் வேலையும் நடந்தது. 2012இல், குன்றின் அருகே 29 மாடிக் குடியிருப்புத் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குன்றின் இருட்டுக் குகையில், கதவு போட்ட வளைக்குள் வாழும் அரிய சிலந்தி இனம் ஒன்றும் இருக்கிறது.

பக்தர்கள், குன்றைச் சுற்றிக் குடியிருப்பவர்கள், ஆய்வாளர்கள், க்ளைம்பர்கள். எல்லாருக்கும் ஒரே குன்று. சத்தமாகப் பாட்டு போடுவது, குப்பை விடுவது, வீட்டு வாசலை மறித்துக் காரை நிறுத்துவது. இதில் ஏதாவது ஒன்று போதும், ஊர்மக்கள் “இனி வராதீங்க” என்று சொல்வதற்கு. பிறகு எவ்வளவு பக்கத்தில் வீடு எடுத்தும் பயனில்லை.

வீடு எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. பார்க்கும் வீட்டிலிருந்து ஜிம்முக்கு, ஒரு வார நாள் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேஸ் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

2. பத்துமலை ஸ்டேஷன் கோயில் பக்கம் இருக்கிறது. டமாய் பக்கம் போக கிராப் தேவைப்படலாம். ரயில் அட்டவணையையும் அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

3. உங்களுக்கு பீலே கொடுப்பவர், அதாவது கீழே நின்று ரோப்பைப் பிடிப்பவர், எங்கே இருக்கிறார்? நம்பிக்கையான துணை பத்து நிமிடத்தில் இருந்தால், அது நல்ல பாறை பக்கத்தில் இருப்பதற்குச் சமம்.

4. முதல் முறை பாறைக்குப் போகும்போது, தகுதி பெற்ற பயிற்றுநரோடு போங்கள். ஹெல்மெட் கட்டாயம். சுண்ணாம்புக்கல் உடைந்து விழக்கூடியது. ரோப்பின் மறுநுனியில் முடிச்சு போட மறக்காதீர்கள். அவசரம் என்றால் 999.

5. ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், முடிந்தால் ஒரு மாதம் அந்த வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள். அந்த மாதத்தில் எத்தனை முறை ஏறினீர்கள் என்று எண்ணுங்கள். எட்டு முறைக்கு மேல் என்றால், அது உங்களுக்கான இடம்.