கட்-ஆஃப் என்னும் ஒற்றை எண்

மே மாதம் பிறந்துவிட்டால் மத்தூரில் யாரும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பதில்லை. 'கட்-ஆஃப் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். எண்ணைச் சொன்னதும், 'இதற்கு அது கிடைக்காது' என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. இந்த வழக்கம் எனக்கு என்றுமே உவப்பானதல்ல.

அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. மருத்துவக் கல்லூரி இடங்களை அலகுகளாகப் பிரித்து மாணவரைத் தேர்ந்தெடுத்த முறையை, 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பள்ளி மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்வை நீக்கியது. அதன்பின் பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200 ஆயிற்று. மருத்துவமோ 2017 முதல் நீட் தேர்வின் வசம் போனது.

ஆயினும் 300க்குத் தாம் வாங்கியதை, 200க்கு வாங்கிய பிள்ளையின் முன் வைத்து ஒப்பிடும் பெரியவர்கள் இன்றும் உண்டு. எந்த ஆண்டு, எந்த ஒதுக்கீட்டுப் பிரிவு, எந்தப் பாடம் என்று சொல்லாத கட்-ஆஃப், ஊர்ப் பெயர் இல்லாத முகவரி.

2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. சென்னைப் பயணம் மிச்சம். விருப்பப் பட்டியலை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் எழுதாத கல்லூரி கிடைக்கவே கிடைக்காது. பக்கத்துப் பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஊர்ப்பேச்சை நம்பி அதை எழுதாமல் விட்ட முதல் தலைமுறைப் பிள்ளையின் இழப்புக்கு, தீர்ப்புச் சொன்னவர் எவரும் பொறுப்பேற்பதில்லை.