வாளையாறு, குமுளி, அப்புறம் நம்ம போன்

ஊரில் இருக்கும் பெரியவர்களிடம், "உங்க போன் உங்களைப் பத்தி என்னென்னவோ சேர்த்து வைக்குது" என்று சொல்லிப் பாருங்கள். "எங்கிட்ட என்ன ரகசியம் இருக்கு, எடுத்துட்டுப் போகட்டும்" என்பார்கள். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு இதைப் புரியவைக்க 2020-ஆம் வருடக் கதை ஒன்று போதும்.

ஊரடங்கில் வெளிமாநிலங்களில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்புவதற்காக அந்த மே மாதம் கேரளம் ஆறு சோதனைச்சாவடிகளைத் திறந்தது. கோவை வழி வந்தால் வாளையாறு, கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி. முன்கூட்டியே 'கோவிட் ஜாக்ரதா' தளத்தில் விவரம் பதிந்து பாஸ் வாங்கியிருக்க வேண்டும். பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாற்றில் வெயிலில் தவித்தது செய்திகளில் வந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்பிரிங்ளர் சர்ச்சை. மலையாளி ஒருவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் உடல்நல விவரங்களை அலசும் வேலை அதனிடம் கொடுக்கப்பட்டது. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா கேள்வி எழுப்பினார், விவகாரம் உயர்நீதிமன்றம் போனது. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: ஆள் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் நிறுவனத்திடம் விவரத்தைத் தர வேண்டும், இனி விவரம் எடுக்கும்போது மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது. மே மாதம், விவரங்கள் அரசு நிறுவனமான சி-டிட் பொறுப்பில் இருக்கும் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது.

இனிதான் விஷயமே. அதே 2020 ஏப்ரல் 3 அன்று கூகிள் 131 நாடுகளுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டது. கடை, பஸ் நிலையம், பூங்கா போன்ற இடங்களில் மக்கள் நடமாட்டம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அதில் இருந்தது. இருப்பிட வரலாறு ஆன் ஆகியிருந்த போன்கள் சொன்ன கணக்கு அது. பெயர் எதுவும் இல்லாத மொத்த எண்கள்தான், நல்ல காரியத்துக்குத்தான். ஆனால் அதற்காக யாரும் எந்தச் சாவடியிலும் நிற்கவில்லை, படிவம் நிரப்பவில்லை. எப்போதோ ஒருநாள் திரையில் 'சரி' என்று தட்டியது போதுமானதாக இருந்தது. பல வீடுகளில் அதைத் தட்டிக் கொடுத்ததே லீவுக்கு வந்த பிள்ளையோ பேரனோதான்!

சோதனைச்சாவடியில் என்ன கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியும். ஸ்பிரிங்ளரைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி இருந்தது, நீதிமன்றம் இருந்தது. போன் கொடுப்பதை நாம்தான் பார்க்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது, 2023-ல் தனிச்சட்டமும் வந்துவிட்டது. இருந்தாலும் அப்பாவின் போனைத் திறந்து பார்க்க எந்த நீதிபதியும் வீட்டுக்கு வரமாட்டார்.

அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிரசங்கம் வேண்டாம். அவர்களுடைய கூகிள் கணக்கில் 'எனது செயல்பாடு' பக்கத்தைத் திறந்து கையில் கொடுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யூடியூபில் என்ன தேடினார்கள் என்று அவர்களே படிக்கட்டும். மூட்டுவலி மருந்திலிருந்து பேத்திக்கு வரன் பார்த்தது வரை இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படி வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. வைப்பதா அழிப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இந்த முறை 'சரி'யை அவர்கள் விரலே தட்டட்டும்.