சைக்கிள் கடையும் சமுதாயமும்

வணிகத்தை வாழ்வாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. மரக்கலமேறிச் சென்ற முன்னோரைப் பற்றியும், குதிரை வாணிபம், முத்துக்குளிப்பு, தோல் பதனிடுதல் ஆகிய தொழில்களில் அவர்கள் ஈட்டிய பெயரைப் பற்றியும் பேசும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. அப்பெருமிதம் நியாயமானதே. ஆயினும் பெருவணிகத்தை எண்ணிப் பார்க்கும் நாம், தெருமுனையில் ஓலைச்சார்ப்பின்கீழ் நடைபெற்ற சிறுவணிகங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுள் ஒன்று சைக்கிள் கடை. எளிய மக்களின் வாழ்வை மாற்றியதில் அதற்குள்ள பங்கு சிறிதன்று. அதனை வரலாற்று நோக்கில் சற்றே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வாடகை சைக்கிள் கடையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மட்கார்டில் எண் எழுதப்பட்டு வரிசையாக நிற்கும் வண்டிகள். பஞ்சர் பார்ப்பதற்கென்று தண்ணீர் நிரப்பிய சட்டி. காலால் மிதித்துப் பிடித்துக் காற்றடிக்கும் பம்பு. சுவரில் ஒரு கடிகாரம். மேசைமேல் ஒரு நீள நோட்டு. அஸர் தொழுகை முடிந்ததும் சிறுவர் கூட்டம் அங்கே திரண்டுவிடும். மஃரிபு பாங்கு சொல்வதற்குள் அரை மணி நேரமேனும் ஓட்டிவிட வேண்டும் என்ற ஆவல். கால் எட்டாத பிள்ளைகள் பாரின் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் போடுவர். கடைக்காரர் முன்பணம் கேட்பதில்லை. 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று ஒரு கேள்வி கேட்பார். வாப்பாவின் பெயர் நோட்டில் ஏறிவிட்டால் அதுவே பிணை.

அந்த நோட்டில் பெண்பிள்ளையின் பெயர் ஏறியதாக நமக்கு நினைவில்லை. காக்காவும் தம்பியும் விழுந்தெழுந்து ஓட்டப் பழகுவதைச் சன்னல் வழியே பார்த்திருந்த சகோதரிகள் எத்தனையோ பேர். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்குச் செல்வோம்.

1817 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர், முன்னும் பின்னுமாக இரு சக்கரங்கள் பூட்டிய மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்தியே செல்ல வேண்டும். 1860களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தப்பட்டது. பின்னர் ஆளுயரத்துக்கு முன்சக்கரம் வளர்ந்தது. அதிலிருந்து தலைகுப்புற விழுந்தவர் பலர். இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் வெளியிட்ட 'ரோவர்' வண்டியில்தான் ஏறத்தாழ ஒரே அளவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் ஒன்றுகூடின. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு 1888 இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் சைக்கிள் அத்துடன் உருப்பெற்றுவிட்டது எனலாம்.

உருப்பெற்றதேயன்றி எளியவனின் கைக்கு அது எட்டவில்லை. 1890களின் நடுவில் அமெரிக்காவில் நல்ல சைக்கிள் ஒன்றின் விலை 100 டாலர். தொழிலாளி ஒருவன் பல வாரங்கள் உழைத்தாலும் அத்தொகையைச் சேர்ப்பது அரிது. தொழிற்சாலைகள் பெருகி உற்பத்தி ஆண்டுக்குப் பத்து இலட்சத்தைக் கடந்தபின்பே விலை சரிந்தது. விலை சரிந்தபோது அதனைத் தெருத்தெருவாகக் கொண்டுசேர்த்தவை உள்ளூர்க் கடைகளே.

அத்தகைய கடை ஒன்றை உலகமே அறியும். ஆனால் கடையாக அறியாது. ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர் இருவர் 1892 இல் 'ரைட் சைக்கிள் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் கடை திறந்தனர். விற்பனை, பழுது பார்த்தல், வாடகைக்கு விடுதல் ஆகிய மூன்றும் அங்கே நடைபெற்றன. போட்டி மிகுந்தபோது, 1896 முதல் சொந்தமாகவே வண்டி செய்து விற்றனர். அந்தக் கடையின் வருவாயைக் கொண்டே அவர்கள் பறக்கும் இயந்திர ஆராய்ச்சியை நடத்தினர். இறக்கையின்மேல் காற்று எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிய 1901 இல் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பார் முன்னே சக்கரம் ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தி ஓட்டிப் பார்த்தனர். 1903 டிசம்பர் 17 அன்று வானில் எழுந்த அவர்களது விமானத்தின் சுழல்விசிறிகளைச் சுற்றியது செயின்தான். பஞ்சர் ஒட்டியும் வாடகை வாங்கியும் சேர்ந்த காசும் அந்த விமானத்தில் கலந்திருந்தது.

விமானம் பறந்த அதே 1903 இல் பிரான்சு நாட்டில் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் நெடுஞ்சாலைப் பந்தயம் தொடங்கியது. ஆறு கட்டங்களாக 2,428 கிலோமீட்டர் தொலைவு. புறப்பட்ட 60 பேரில் 21 பேரே இறுதிவரை வந்தனர். பந்தயத்தின் தேவைக்கேற்ப வண்டி இலேசாயிற்று; டயர் மெலிந்தது; ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்தது. ஓடும்போதே பல் மாற்றும் கியர் அப்பந்தயத்தில் 1937 ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. இன்று நகரத்துக் கடைகளில் 'ரோட் பைக்' என்ற பெயரில் விற்கப்படும் வண்டி இம்மரபில் வந்தது. சர்வதேசப் பந்தய விதிப்படி வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையலாகாது. அந்த அளவுக்கு அது மெலிந்துவிட்டது.

அதே ரோவரின் வழியில் வந்த மற்றொரு பிள்ளையும் உண்டு. அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'ரோட்ஸ்டர்'. நிமிர்ந்து உட்காரும் இருக்கை, பெரிய சக்கரம், கம்பி பிரேக், மூடிய செயின், கனத்த கேரியர். நம் வீட்டுக் கருநிறச் சைக்கிள் இதுவே. பந்தய வண்டி நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்தது. ரோட்ஸ்டர் சுமையைச் சுமக்கப் பிறந்தது. அரிசி மூட்டையும், பால் கேனும், மீன் கூடையும், மனைவி மக்களும் அதன்மேல் ஏறினர்.

ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள் முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் நம் நாட்டுக்கு வந்தன. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1949 இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1956 இல் லூதியானாவில் ஹீரோ நிறுவனம் எழுந்தது. ஆயினும் புது வண்டி வாங்குவது நடுத்தரக் குடும்பத்திலும் ஒரு நிகழ்ச்சியாகவே இருந்தது. வாங்கிய பின்னும் முனிசிபாலிட்டியில் வரி கட்டி வில்லை பெற வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே பெரும்பாலோருக்குச் சைக்கிள் கிடைத்த வழிகள் மூன்று: தவணை, பழைய வண்டி, வாடகை.

இம்மூன்றும் கொடுக்கல் வாங்கல் ஆதலால், நம் மார்க்கம் இவற்றைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் நோக்குதல் தகும். ரொக்க விலை இவ்வளவு, தவணை விலை இவ்வளவு எனக் கூறி, வாங்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, விலை உறுதியான பின் பிரியும் வியாபாரத்தை ஃபிக்ஹு அறிஞருள் பெரும்பாலோர் ஆகுமானதெனக் கொள்வர். ஆனால் தவணை தவறியதற்காகக் கடன்மேல் தொகையைக் கூட்டிச் செல்வது வட்டி, அது விலக்கப்பட்டது. வாடகைக்கு 'இஜாரா' எனப் பெயர். பொருளின் பயனை, குறித்த காலத்துக்கு, குறித்த கூலிக்கு விற்பது அது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி அரை மணிக்கு இவ்வளவு என்று சொன்ன கடைக்காரர், தாம் அறியாமலே ஃபிக்ஹு நூலின் ஒரு பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

பழைய வண்டியில்தான் சோதனை அதிகம். வெடித்த ஃபிரேமைப் பற்றவைத்து, மேலே புது வண்ணம் பூசி, நல்ல வண்டியென விற்பது எளிது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்த வரலாற்றை நாம் அறிவோம். வண்ணத்தின் கீழ் உள்ள வெடிப்பும் அந்த ஈரமும் ஒன்றே. 'இந்த இடத்தில் பற்று வைத்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி விற்ற கடைக்காரரை நாம் கண்டிருக்கின்றோம். ஐந்து பத்து குறைவாகவே அவருக்குக் கிடைத்தது. ஆனால் மூன்று தலைமுறை அவரிடமே சென்றது.

கடை இவ்வாறு எளியவனுக்குக் கதவைத் திறந்தது. எளிய பெண்ணுக்கு அக்கதவு திறந்த கதை வேறு.

மேலைநாட்டிலும் அது எளிதில் நடந்துவிடவில்லை. 1897 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதா என்ற வாக்கெடுப்பு நடைபெற்றபோது, எதிர்த்த மாணவர்கள் சைக்கிளில் அமர்ந்த பெண்ணுருவம் ஒன்றைச் செய்து தெருவின்மேல் தொங்கவிட்டனர். பட்டத்தை எதிர்த்தவர்களுக்குச் சைக்கிள் ஏன் நினைவுக்கு வந்தது? படிப்பும் பயணமும் பெண்ணுக்கு ஒன்றாகவே வரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்கப் பெண்ணுரிமைத் தலைவி சூசன் பி. ஆந்தணி, பெண்ணின் விடுதலைக்கு உலகில் வேறெதனையும்விட மிகுதியாக உதவியது சைக்கிளே என்ற கருத்தை வெளியிட்டிருந்தார்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, இதற்கு நிகரான நிகழ்ச்சியொன்று நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தேறியது. 1991 இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உள்கிராமங்களுக்குச் சென்று கற்பிக்கும் பெண் தொண்டர் பேருந்துக்குக் காத்திருந்தால் வகுப்பு நடவாது என்பது ஒரு காரணம். பிறரை எதிர்பாராமல் போய்வர இயலாத பெண்ணுக்குத் தன்னம்பிக்கை வளராது என்பது மற்றொன்று. சைக்கிள் வாங்க வங்கிக்கடன் கிடைக்கவும் அவர்கள் முயன்றார்கள். வயல்வேலை செய்வோர், கல்குவாரித் தொழிலாளர், செவிலியர், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானோர் பழகினர். 1992 மார்ச்சு 8, மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே சென்று கண்டதை எழுதியுள்ளார். அவர் தரும் செய்திகளுள் சைக்கிள் கடையைப் பற்றியனவும் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதிய அளவில் கிடைக்காமையால் பெண்கள் காத்திராமல் ஆண்களின் சைக்கிளையே வாங்கிச் சென்றனர். பார் இருப்பதால் குழந்தையை முன்னே அமர்த்திக்கொள்ள வசதி என்று அதனையே விரும்பினோரும் இருந்தனர்.

கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பங்களின் இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை அவர் குறிப்பிடுகின்றார். உயர்நிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர், நம் சமுதாயத்துப் பெண், 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்துச் சொந்தமாக வாங்க இயலாமல், நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டி வந்தாராம். இதனைப் படித்தபோது நம் மனம் நெகிழ்ந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நாம் ஓடோடிச் சென்று பெற்ற அதே அரை மணி நேரம்! நமக்கு அது விளையாட்டாயிருந்தது. படித்து, பணியிலமர்ந்து, ஊதியம் பெறும் பெண்ணுக்கு அது தம் ஆண்டுகள் பல கடந்தபின் கிடைத்தது.

நாணம் கெடும், குடும்பம் சிதறும் என்று அஞ்சியவர்கள் அன்று இருந்தனர், அவர்களைப் பழிப்பதற்கில்லை. பெண்மக்களின் பாதுகாப்பில் கொண்ட கவலையே அவ்வச்சத்தின் வேர். ஆனால் ஹிஜாப் பேணும் பெண் நடந்து செல்லும் சாலையில் சைக்கிளிலும் செல்லலாம் என்பதையும், தனியே பேருந்து நிறுத்தத்தில் இருட்டும்வரை நிற்பதைவிட அது பாதுகாப்பானது என்பதையும் அனுபவம் காட்டிவிட்டது.

தமிழக அரசு 2001-2002 இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவசச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகாரில் 2006 இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கப்பட்டது. அதனை ஆராய்ந்த பொருளியலறிஞர் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், உரிய வயதில் உயர்நிலைப்பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது எனக் கண்டனர். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்திருந்தது. பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தியவற்றுள் மூன்று நான்கு மைல் தொலைவும் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

1980க்குப் பின் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெருகின. வாடகை சைக்கிள் கடைகள் பெரும்பாலான ஊர்களில் மறைந்தன. அந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடை இருக்கும். நகரத்தில் இலட்ச ரூபாய்க்கு ரோட் பைக் விற்கும் கண்ணாடிக் கடைகள் வந்துள்ளன. உடல்நலத்துக்காக அதிகாலையில் ஓட்டும் இளைஞரைக் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும் அரை மணிக்குக் காசு கொடுத்து ஏழையின் பிள்ளை ஏறக்கூடிய வண்டி இப்போது தெருவில் இல்லை. அந்த வாயில் அடைபட்டது இழப்பே.

நம் மஹல்லாக்களில் ஜகாத் நிதியிலிருந்து ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் நல்வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்பட்டியலில், தொலைவின் காரணமாகப் படிப்பை விடும் நிலையிலுள்ள உரிமைபெற்ற குடும்பத்து மாணவிக்கு ஒரு சைக்கிளையும் சேர்த்துக்கொள்ளலாகாதா என்று ஜமாஅத்துப் பெரியோரைப் பணிவுடன் கேட்கின்றோம். உள்ளூர்க் கடைக்காரரிடமே வாங்கினால் அவருக்கும் பிழைப்பு நடக்கும். பஞ்சர் ஒட்டவும் பெண்டு எடுக்கவும் அவர் அருகிலேயே இருப்பார். பிணைக்கு வாப்பாவின் பெயரை எழுதிய அந்தப் பழைய நோட்டில் எழுதப்படாமற் போன பெயர்களை, இன்ஷா அல்லாஹ், இவ்வாறேனும் எழுதிச் சேர்ப்போம்.